டவரிலிருந்து வீட்டு டிவி வரை: ஆன்டெனாவில் டிஜிட்டல் டிவி பார்ப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெரிந்தவர்கள் யார் வீட்டில் ஆன்டெனா வைத்தாலும் எனக்கு ஒரு போன் வரும். வீடு வேறு, ஆள் வேறு, கேள்வி மட்டும் பெரும்பாலும் ஒன்றேதான். அதனால் கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை எழுதி, கீழே பதிலையும் எழுதி வைத்துவிட்டேன். சுலபமானவை முதலில் வரும், குழப்பமானவை போகப்போக வரும்.

1. ஆன்டெனா வைத்துப் பார்ப்பது பழைய காலத்து டிவிதானே? இதில் டிஜிட்டல் எங்கே வந்தது?

வழி பழையது, அதில் வரும் சரக்கு புதியது. ஒரு வட்டாரத்துக்கென்று உயரமான கோபுரம் ஒன்று இருக்கும். அது வானொலி அலையாக அனுப்புவதை உங்கள் ஆன்டெனா நேரடியாகப் பிடிக்கும். முன்பு அந்த அலையில் படம் அனலாக்காகப் போனது, இப்போது எண்களாகப் போகிறது. ஒரு அனலாக் சேனல் அடைத்துக்கொண்டிருந்த இடத்தில் இன்று ஐந்து, பத்து சேனல்களைச் சேர்த்து அனுப்பலாம். நாடு முழுவதும் முதலில் மாறியது லக்சம்பர்க், 2006-ல். அமெரிக்காவில் பெரிய நிலையங்கள் 2009 ஜூன் 12 அன்று அனலாக்கை நிறுத்தின. ஜப்பானின் பெரும்பகுதியில் 2011 ஜூலையில் நின்றது.

2. இன்டர்நெட் இல்லாமல், டிஷ் இல்லாமல், நிஜமாகவே வருமா?

வரும். ஆன்டெனா, வயர், அலையிலிருந்து சேனலைப் பிரித்தெடுக்கும் டியூனர் உள்ள டிவி அல்லது பாக்ஸ், இவ்வளவுதான் தேவை. பெரும்பாலான சேனல்கள் இலவசம். சில நாடுகளில் சில சேனல்களைப் பூட்டிக் கட்டணம் வாங்குகிறார்கள், அதற்கு மட்டும் அட்டை வேண்டும்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். புயல், வெள்ளத்தில் போன் நெட்வொர்க் திணறும்போதும் கோபுரத்துக்கு மின்சாரம் இருந்தால் இந்த ஒளிபரப்பு வந்துகொண்டே இருக்கும். பத்துப் பேர் பார்த்தாலும் பத்து லட்சம் பேர் பார்த்தாலும் கோபுரத்துக்கு ஒரே வேலைதான், கூட்டம் கூடினால் நெரிசல் என்பதே கிடையாது. இதற்காகவாவது ஒரு ஆன்டெனா வீட்டில் இருக்கட்டும் என்று எல்லோரிடமும் சொல்வேன்.

3. என் டிவியிலேயே வருமா, தனியாகப் பாக்ஸ் வாங்க வேண்டுமா?

டிவியின் பின்பக்கம் ஆன்டெனா சொருகும் துளை இருக்கிறது என்பது மட்டும் போதாது. உள்ளே இருக்கும் டியூனர் உங்கள் நாட்டு முறையைப் புரிந்துகொள்ள வேண்டும். ஐரோப்பா, ஆப்பிரிக்கா, ஆசியாவின் பல நாடுகளில் டிவிபி-டி அல்லது அதன் அடுத்த தலைமுறையான டிவிபி-டி2 இருக்கிறது. சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து மூன்றிலும் டி2. அமெரிக்கா, கனடா, மெக்சிகோ, தென்கொரியா ஏடிஎஸ்சி முறையைப் பின்பற்றுகின்றன. ஜப்பானிலும் பிரேசில் உள்ளிட்ட தென்னமெரிக்க நாடுகள் பலவற்றிலும் ஐஎஸ்டிபி-டி. சீனாவுக்குத் தனி முறை.

ஒரு முறைக்கான டியூனர் இன்னொன்றைப் பிடிக்காது. வெளிநாட்டிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்த டிவியில் ஒரு சேனல்கூட வராததற்கு இதுதான் காரணம், டிவியில் பழுது இல்லை. டி2 டியூனர் பழைய டி-யையும் பிடிக்கும். பழைய டி டியூனருக்கு டி2 தெரியாது. டிவியின் கையேட்டில் 'டியூனர்' என்ற வரியைப் படித்துப் பாருங்கள். உங்கள் நாட்டு முறை அதில் இல்லையென்றால் வெளிப் பாக்ஸ் ஒன்று போதும், டிவியை மாற்ற வேண்டாம்.

4. சரியான டி2 பாக்ஸ்தான். சேனல் பெயர் வருகிறது, சத்தம் வருகிறது, படம் மட்டும் கருப்பு. ஏன்?

சிக்னலில் குறையில்லை. அலையைப் பிடிப்பது ஒரு வேலை, அதில் சுருக்கி வைத்திருக்கும் படத்தை விரிப்பது இன்னொரு வேலை. முதல் வேலையை உங்கள் பாக்ஸ் செய்துவிட்டது, இரண்டாவது அதற்குத் தெரியவில்லை. படத்தைச் சுருக்க எம்பெக்-2, எச்.264, எச்.265 என்று மூன்று முறைகள் புழக்கத்தில் உள்ளன. 2017-ல் ஜெர்மனி டி2-க்கு மாறியபோது எச்.265-ஐத் தேர்ந்தெடுத்தது. அங்கே எச்.264 வரை மட்டுமே தெரிந்த டி2 பாக்ஸ்கள் பயன்படாமல் போயின. ஆகவே வாங்கும்போது டியூனர் எது, எந்தச் சுருக்க முறை வரை தெரியும் என்று இரண்டையும் கேளுங்கள்.

5. 'டிஜிட்டல் ஆன்டெனா' என்று தனியாக விற்கிறார்களே, பழைய ஆன்டெனா ஆகாதா?

ஆன்டெனாவுக்கு டிஜிட்டலும் தெரியாது, அனலாக்கும் தெரியாது. அதற்குத் தெரிந்தது அலைவரிசை மட்டும்தான். பெட்டியில் அச்சடித்திருக்கும் 'டிஜிட்டல்', 'எச்டி', '4கே' எல்லாம் விற்பனைக்காக எழுதியவை. வரிசையாகக் குச்சிகள் உள்ள யாகி-உடா ஆன்டெனா 1926-ல் ஜப்பானில் உருவானது. இன்றைக்கும் கூரைகளில் பரவலாகக் காண்பது அந்த வடிவம்தான்.

இருப்பதை மாற்றலாமா வேண்டாமா என்று பார்க்க ஒரு டேப் போதும். வயர் இணைந்திருக்கும் குச்சியின் நீளத்தை அளந்து பாருங்கள். 65 முதல் 85 செ.மீ. என்றால் அது விஎச்எஃப் ஆன்டெனா, சுமார் 174 முதல் 230 மெகாஹெர்ட்ஸ் வரைக்குமானது. 22 முதல் 32 செ.மீ. என்றால் யுஎச்எஃப், அதாவது 470 மெகாஹெர்ட்ஸுக்கு மேல். அலைநீளத்தில் பாதியாக அந்தக் குச்சியை வெட்டுவதால்தான் இந்தக் கணக்கு. டிஜிட்டல் சேனல்கள் பெரும்பாலும் யுஎச்எஃப்பில்தான் வருகின்றன. அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் விஎச்எஃப்பிலும் உண்டு, அங்கே பழைய பெரிய ஆன்டெனாவைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள்.

6. டவர் எவ்வளவு தூரத்தில் இருந்தால் கிடைக்கும்?

இந்த அலை ஏறக்குறைய நேர்க்கோட்டில் போகும், பூமி உருண்டை. எனவே தூரத்தைத் தீர்மானிப்பது கோபுரத்தின் உயரமும் உங்கள் ஆன்டெனாவின் உயரமும்தான். கணக்கு எளிது. மீட்டரில் உள்ள உயரத்துக்கு வர்க்கமூலம் எடுத்து 4.12 ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் வரும். இரண்டு முனைக்கும் தனித்தனியாகப் போட்டுக் கூட்டுங்கள். சுற்றுப்புறத்தைவிட 200 மீட்டர் உயர்ந்த கோபுரத்துக்கு 58 கி.மீ. 9 மீட்டர் உயர ஆன்டெனாவுக்கு 12 கி.மீ. மொத்தம் சமதளத்தில் சுமார் 70.

நடுவில் குன்று இருந்தால் 15 கி.மீ.யிலேயே ஒன்றும் வராமல் போகலாம். 'நூறு மைல் ரேஞ்ச்' என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்பி யாரும் வாங்க வேண்டாம். ஆன்டெனாவின் ரேஞ்ச் என்று தனியாக ஒன்று கிடையாது.

7. எந்தப் பக்கம் திருப்புவது? திருப்பிக்கொண்டே இருக்கிறேன், எதுவும் பிடிபடவில்லை.

முதலில் வரைபடத்தில் கோபுரத்தையும் வீட்டையும் ஒரு கோட்டால் இணைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டில் உங்கள் வீட்டிலிருந்து தெரியும் அடையாளம் ஒன்றைப் பிடித்துக்கொண்டால் திசைமானியே வேண்டாம். யாகியில் சின்னக் குச்சிகள் உள்ள முனைதான் கோபுரத்தைப் பார்க்க வேண்டும். அகலமான பிரதிபலிப்பான் பின்னால் வரும். தலைகீழாக மாட்டி வைத்திருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பிறகு, மெதுவாகத் திருப்புங்கள். இதுதான் பலர் தவறும் இடம். மேலே ஒருவர் நின்று திருப்ப, கீழே ஒருவர் "வந்துச்சு, வந்துச்சு, போச்சு!" என்று கத்திய அனலாக் காலத்துப் பழக்கம் இன்னும் கையில் இருக்கிறது. அப்போது திருப்பியவுடன் படம் மாறும். டிஜிட்டல் டியூனர் சிக்னலைப் பூட்டிக்கொள்ள இரண்டு மூன்று விநாடி எடுக்கும். நிறுத்தாமல் சுற்றினால் சரியான திசையைக் கடந்து போன பிறகுதான் திரை விழிக்கும். ஐந்து டிகிரி திருப்பு, மூன்று வரை எண்ணு, பார், மறுபடி திருப்பு. அலுப்பான வேலைதான், ஆனால் பலன் தரும்.

8. குச்சிகள் படுத்திருக்க வேண்டுமா, நிற்க வேண்டுமா?

கோபுரம் எப்படி அனுப்புகிறதோ அப்படி. பெரிய கோபுரங்கள் அதிகமும் கிடையாக அனுப்பும். நிழல் பகுதிகளுக்காக வைத்திருக்கும் சிறு கோபுரங்கள் செங்குத்தாக அனுப்புவது உண்டு. மாற்றி மாட்டினால் 15 முதல் 20 டெசிபல் வரை போய்விடும், அதாவது சிக்னலில் நூற்றில் ஒன்று முதல் மூன்று பங்குதான் மிஞ்சும். சுற்றியுள்ள கூரைகளைப் பாருங்கள், எல்லா ஆன்டெனாவும் எப்படி இருக்கிறதோ அதுதான் விடை.

9. வீட்டுக்குள் வைக்கும் ஆன்டெனா போதாதா? கூரை ஏற முடியாது.

கோபுரம் பக்கத்தில் இருந்தால் போதும். இல்லையென்றால் சுவரும் தரைமட்ட உயரமும் சேர்ந்து பெரும்பகுதியைத் தின்றுவிடும். கோபுரத்தைப் பார்த்த ஜன்னல்தான் நல்ல இடம். டிவிக்குப் பின்னால் ஒளித்து வைப்பதுதான் மோசமான இடம், டிவியே இரைச்சலைக் கிளப்பும்.

ஜன்னலிலும் ஒரு பொறி இருக்கிறது. வெப்பத்தைத் தடுக்கும் கண்ணாடிகளில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய உலோகப் பூச்சு உண்டு, சில ஒட்டும் ஃபிலிம்களிலும் உண்டு. அலைக்கு அது தகரச் சுவர். ஒரு வீட்டில் ஜன்னலில் வைத்த ஆன்டெனாவில் ஒன்றும் வராமல் அரைமணி நேரம் போராடினோம். காற்றுக்காக ஜன்னலைத் திறந்ததும் எல்லாச் சேனலும் வந்து நின்றன. மூடினால் மறுபடி காலி. தகரக் கூரைக்கும், உள்ளே பளபளக்கும் அலுமினியத் தாள் ஒட்டிய கூரைக்கும் இதே கதைதான்.

10. முன்பெல்லாம் புள்ளி புள்ளியாக வந்தாலும் பார்க்க முடிந்தது. இப்போது ஒன்று கண்ணாடி மாதிரி வருகிறது, இல்லையென்றால் சுத்தமாக ஒன்றுமில்லை. ஏன்?

அனலாக்கில் சிக்னல் குறையக் குறையப் படமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடும். டிஜிட்டலில் எண்களோடு பிழை திருத்தும் தகவலையும் சேர்த்து அனுப்புகிறார்கள். வழியில் கெட்டுப்போனதை டியூனர் தானே சரிசெய்துகொள்ளும். அதனால் சிக்னல் குறைந்தாலும் படத்தில் ஒரு மாற்றமும் தெரியாது. பிழைகள் திருத்தும் அளவைத் தாண்டிவிட்டால், முதலில் சத்தம் 'டிக் டிக்' என்று வெட்டும், படம் கட்டம் கட்டமாக உடையும், அப்புறம் திரை கருப்பு. கரை வரை சமதளம், அதற்குப் பிறகு நேரே பள்ளம்.

இதிலிருந்து ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். படம் நன்றாக வருவதாலேயே நிறுவியது நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. பள்ளத்துக்கு அரை அடி முன்னால் நின்றுகொண்டிருக்கலாம். ஒரு மரம் தளிர்த்தால் போதும், விழுந்துவிடும்.

11. சிக்னல் 90 சதவீதம் காட்டுகிறது, ஆனாலும் படம் உடைகிறது. பாக்ஸ் பொய் சொல்கிறதா?

இல்லை, நீங்கள் தவறான கோட்டைப் பார்க்கிறீர்கள். இரண்டு கோடுகள் இருக்கும், ஒன்று பலம், இன்னொன்று தரம். பலம் என்பது எவ்வளவு அலை வந்து சேர்கிறது என்பது. அதில் வேண்டியதும் வேண்டாததும் சேர்ந்தே இருக்கும். தரம் என்பது அதில் எவ்வளவைச் சரியாகப் படிக்க முடிகிறது என்பது. சந்தையில் காதருகே ஒருவர் கத்திப் பேசினாலும் சுற்றியுள்ள இரைச்சலில் புரியாது. அமைதியான அறையில் கிசுகிசுத்தாலும் புரியும். படத்தைத் தீர்மானிப்பது தரம்தான்.

சில பாக்ஸ்களில் எம்இஆர் என்று டெசிபலில் எண் காட்டும். 64-குவாம் என்ற அடர்த்தியில் அனுப்பும் ஒளிபரப்புக்கு அது 20-ஐ ஒட்டி வந்தால் கரையில் நிற்கிறீர்கள், 25-ஐத் தாண்டினால் நிம்மதி. ஆன்டெனாவைத் திருப்பும்போதும் தரக் கோட்டை மட்டும் பாருங்கள்.

12. அப்படியானால் பூஸ்டர் போட்டால் சரியாகிவிடும்தானே?

என்னிடம் அதிகம் வரும் கேள்வி இதுதான். பெரும்பாலும் என் பதில் 'வேண்டாம்'. பூஸ்டர் சிக்னலையும் பெருக்கும், கூடவே வந்த இரைச்சலையும் அதே அளவு பெருக்கும், தன் பங்குக்குச் சொந்த இரைச்சலையும் கொஞ்சம் சேர்க்கும். முந்தைய பதிலில் சொன்ன பலக் கோடு துள்ளி ஏறும், தரக் கோடு அப்படியே இருக்கும், சில சமயம் இறங்கும். ஆன்டெனாவுக்கு வந்து சேராததை எந்தப் பூஸ்டராலும் உண்டாக்க முடியாது.

பிறகு எதற்குத்தான் அது? வயரில் ஆகும் இழப்பை ஈடுகட்ட. ஆன்டெனாவில் நல்ல சிக்னல் கிடைத்து, அது முப்பது நாற்பது மீட்டர் இறங்கி வரும் வழியில் வீணாகிறது என்றால் பூஸ்டர் உதவும். அப்போதும் அது மேலே, ஆன்டெனாவுக்கு அருகில் இருக்க வேண்டும். டிவிக்குப் பக்கத்தில் வைத்தால் நலிந்து வந்ததைத்தான் பெருக்கும். ஆகவே வரிசை இது: முதலில் உயரம், அப்புறம் திசை, அப்புறம் நல்ல வயர். பூஸ்டர் கடைசி.

13. டவர் என் வீட்டிலிருந்தே தெரிகிறது. எனக்கு எல்லாருக்கும் முன்னால் வர வேண்டும், ஆனால் பாதிச் சேனல் இல்லை!

அளவுக்கு மிஞ்சிய சிக்னல். டியூனரின் முதல் கட்டம் திணறிப்போய், இல்லாத அலைகளைத் தானே உண்டாக்கிக் குழப்பிக்கொள்கிறது. என் வீட்டிலேயே இது நடந்தது. கோபுரம் 9 கி.மீ. தூரத்தில் இருந்தது, பழைய காலத்தில் போட்ட பூஸ்டர் கம்பத்தில் அப்படியே இருந்தது. சேனல் வரவில்லை என்று ஆன்டெனாவை இரண்டு முறை மாற்றினேன். கடைசியில் மழையில் பூஸ்டருக்குப் போகும் மின்சாரம் நின்றதும், அதைக் கழற்றி வயரை நேரே இணைத்தேன். அடுத்த ஸ்கேனில் எல்லாம் வந்தன.

பூஸ்டரே இல்லாமல் இப்படி ஆனால் சிக்னலைக் குறைக்கும் அட்டெனுவேட்டர் என்ற விரல்நீளக் குமிழ் ஒன்றை வயருக்கும் டிவிக்கும் நடுவில் சொருகலாம், 6 அல்லது 10 டெசிபல் போதும். வாங்கும் முன் சோதித்துப் பார்க்க ஆன்டெனாவை வேறு பக்கம் திருப்புங்கள். திருப்பியதும் சேனல் கூடினால் சந்தேகமே இல்லை.

14. எப்போதும் அதே நான்கு சேனல்தான் போகிறது. மற்றது எல்லாம் சரி. அந்த நிறுவனங்களில் கோளாறா?

இல்லை. அந்த நான்கும் ஒரே வண்டியில் வருகின்றன. பல சேனல்களை ஒன்றாகக் கட்டி ஒரே அலைவரிசையில் அனுப்புவதற்கு மல்டிபிளெக்ஸ் என்று பெயர். வண்டி தடுமாறினால் அதில் உள்ள அத்தனை பேரும் விழுவார்கள். டிவியின் தகவல் பக்கத்தில் ஒவ்வொரு சேனலுக்கும் அலைவரிசை எண் இருக்கும், போகிற நான்குக்கும் அது ஒன்றாக இருப்பதைக் காண்பீர்கள்.

ஒரு மல்டிபிளெக்ஸுக்கு 8 மெகாஹெர்ட்ஸ் அகலம் கொடுக்கும் நாடுகளில் யுஎச்எஃப் 21ஆம் எண்ணின் நடு அலைவரிசை 474 மெகாஹெர்ட்ஸ், அடுத்தடுத்த எண்ணுக்கு எட்டெட்டாகக் கூட்டுங்கள். 48ஆம் எண் 690. போவது எப்போதும் மேல்முனையில் உள்ளதென்றால் வயரையும் (கேள்வி 15) போன் குறுக்கீட்டையும் (கேள்வி 20) சந்தேகப்படுங்கள். கீழ்முனை என்றால் உங்கள் ஆன்டெனாவின் குச்சிகள் அதற்குச் சிறியவையாக இருக்கலாம்.

15. வயரில் என்ன இருக்கிறது? ரெண்டு டிவிக்கு ஒரே வயரை முறுக்கி இணைத்தால் ஆகாதா?

ஆகாது. 75 ஓம் கோஆக்சியல் வயர் என்பது வெறும் செம்பு இல்லை. நடுக்கம்பிக்கும் வெளிப்பின்னலுக்கும் உள்ள இடைவெளிதான் அதன் உயிர். முறுக்கிய இடத்தில் அது குலைந்து, அலை வந்த வழியே திரும்பும். ஸ்பிளிட்டர் போடுங்கள். இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் சுமார் 3.5 முதல் 4 டெசிபல் குறையும். நான்காகப் பிரித்தால் 7, 8. பயன்படுத்தாத துளையில் 75 ஓம் மூடி மாட்டி வையுங்கள்.

ஆர்ஜி-6 வயரில் 600, 700 மெகாஹெர்ட்ஸ் பக்கம் 100 மீட்டருக்குச் சுமார் 17 டெசிபல் போகும். மெலிந்த வயர்களில் இன்னும் அதிகம். அலைவரிசை ஏற ஏற இழப்பும் ஏறும்.

16. மழை பெய்தால் போய்விடுமா, டிஷ் மாதிரி?

மழையால் போகாது. டிஷ்ஷுக்கு வரும் அலையின் நீளம் இரண்டரை செ.மீ. அளவு, மழைத்துளி அதைத் தின்றுவிடும். இங்கே அலையின் நீளம் 40 முதல் 60 செ.மீ. வரை, துளி அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

ஆனாலும் மழையில் உங்களுக்குப் போகிறதென்றால், தண்ணீர் எங்கோ உள்ளே இறங்குகிறது. ஆன்டெனாவின் இணைப்புப் பெட்டியைத் திறந்து, வயரை இரண்டு அங்குலம் கீறிப் பாருங்கள். செம்புப் பின்னல் பளபளப்பாக இருந்தால் நல்லது. கறுத்தோ பச்சை பூத்தோ இருந்தால் அந்த வயர் முடிந்தது. பின்னல் திரியைப் போலத் தண்ணீரை உறிஞ்சிக் கீழே மீட்டர் கணக்கில் கொண்டுபோயிருக்கும். நுனியை மட்டும் வெட்டினால் போதாது, முழுதாக மாற்றுங்கள். புதிதாகப் போடும்போது வயரை இணைப்புக்குக் கீழே ஒரு வளையம் தொங்கவிட்டு மேலேற்றினால் நீர் அங்கேயே சொட்டிவிடும்.

17. மழையில் நன்றாக வருகிறது. வானம் தெளிந்து, காற்றே இல்லாத விடியற்காலையில் போகிறது. இது என்ன வேடிக்கை?

அப்படித்தான் ஆகும். உயர் அழுத்தம் நிலவும் அமைதியான நாட்களில், தரையை ஒட்டிய குளிர்ந்த காற்றின் மேல் வெப்பமான காற்று மூடிபோல் படிந்துவிடும். அந்த இடைவெளி அலைகளுக்குக் குழாய் மாதிரி ஆகிவிடும். 6ஆவது பதிலில் சொன்ன தொடுவான எல்லையைத் தாண்டி, பல நூறு கி.மீ. தள்ளியுள்ள கோபுரத்தின் அலை அதே அலைவரிசையில் உங்கள் ஆன்டெனாவுக்கு வந்து, உள்ளூர் அலையோடு மோதும். கடலோரத்தில் இது இன்னும் அதிகம்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. முக்கியமாக, அந்த நேரத்தில் மறுபடி ஸ்கேன் செய்யாதீர்கள். இருந்த சேனல்கள் அழிந்து, எங்கோ உள்ள சேனல்கள் பதிவாகிவிடும். வெயில் ஏறினால் பெரும்பாலும் தானாகச் சரியாகும்.

18. ஒரே சேனல் இரண்டு இடத்தில் வருகிறது. அதிலும் பக்கத்து வட்டாரத்துச் செய்தி ஓடுகிறது.

உங்களுக்கு இரண்டு கோபுரங்கள் எட்டுகின்றன. பல டிவிகள் தாழ்ந்த அலைவரிசையிலிருந்து மேலே தேடிக்கொண்டு போகும். முதலில் கண்டதற்கு அசல் எண்ணைக் கொடுத்துவிட்டு, பிறகு வந்ததை 800-க்கு மேல் தள்ளிவிடும். தூரத்துக் கோபுரத்தின் எண் தாழ்ந்ததாக இருந்தால் அதுதான் முன்னால் நிற்கும். அடிக்கடி உடைந்தும் போகும், ஏனென்றால் அது பலவீனமானது.

மெனுவில் வட்டாரம் கேட்டால் சரியானதைத் தேர்ந்தெடுங்கள். கேட்காத டிவியில், தேடல் அந்தத் தாழ்ந்த எண்களைக் கடக்கும் வரை ஆன்டெனா வயரைக் கழற்றி வைத்து, பிறகு சொருகுங்கள். அல்லது எல்லாவற்றையும் அழித்துவிட்டு, உங்கள் கோபுரத்தின் எண்களை மட்டும் கைமுறையாகச் சேருங்கள். 14ஆவது பதிலின் கணக்கு இங்கே கைகொடுக்கும்.

19. இடி மின்னலுக்கு என்ன செய்வது?

கம்பத்தையும் வயரின் வெளிப்பின்னலையும் தடித்த கம்பியால் கட்டடத்தின் எர்த்தோடு இணைக்க வேண்டும், இதைத் தகுதியுள்ள எலக்ட்ரீஷியன் செய்யட்டும். எர்த் செய்தாலும் நேராக விழும் மின்னலை எதுவும் தடுக்காது, எனவே இடி கேட்டால் வயரைத் தொடாதீர்கள். இடி வரும் முன்பே கழற்றி வைப்பதுதான் பாதுகாப்பு.

மின்னலைவிட எனக்கு அதிகப் பயம் மின்கம்பிதான். உலோகக் கம்பம் சாய்ந்தால் எவ்வளவு தூரம் எட்டுமோ, அதைவிட அதிகத் தள்ளி மின்கம்பி இருக்க வேண்டும். காற்று நாளில், ஈரக் கூரையில், தனியாக ஏறவே ஏறாதீர்கள். எந்த நிகழ்ச்சியும் ஒரு உயிருக்கு ஈடாகாது.

20. பக்கத்தில் போன் டவர் வந்த பிறகு மேல் சேனல்கள் போய்விட்டன. நான் நினைப்பது சரியா?

சரியாக இருக்கலாம். முன்பு டிவிக்கு 862 மெகாஹெர்ட்ஸ் வரை இருந்த இடத்தை மேலிருந்து வெட்டி வெட்டிப் போனுக்குக் கொடுத்தார்கள். ஐரோப்பாவில் இப்போது டிவி 694-ல் முடிகிறது, போன்கள் 703-ல் தொடங்குகின்றன. நடுவில் 9 மெகாஹெர்ட்ஸ்தான் வேலி. அமெரிக்காவில் டிவி 608-லேயே நின்றுவிட்டது. பழைய ஆன்டெனாவும் பூஸ்டரும் 862 வரை ஆவலாகப் பிடிக்கும், போன் டவரின் அலையையும் சேர்த்து. அங்கே பூஸ்டர் திணறினால் 13-ல் சொன்னதுதான் நடக்கும்.

694-க்கு மேல் வெட்டும் ஃபில்டர் ஒன்றைப் பூஸ்டருக்கு முன்னால் மாட்டுங்கள். பின்னால் மாட்டினால் பயனில்லை, கெட்டது அதற்குள் நடந்து முடிந்திருக்கும்.

21. வாசலில் வண்டி ஸ்டார்ட் செய்தாலும், சுவிட்சைப் போட்டாலும் ஒரு நொடி உடைகிறது.

தீப்பொறி எங்கே பறந்தாலும் அங்கே ஒரு குட்டி ஒளிபரப்பு நிலையம். அந்த நொடி நேர இரைச்சல் சுவரில் இருக்கும் மட்டமான வயர் வழியாக நுழைகிறது. இரட்டைக் கவசமுள்ள வயரும் திருகி மாட்டும் இணைப்பானும் போட்டால் பெரும்பாலும் தீரும். மலிவான எல்இடி விளக்கையும், ஆன்டெனா வயரோடு ஒட்டிப் போகும் எச்டிஎம்ஐ கேபிளையும் மறக்காதீர்கள். ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே தரக் கோட்டைப் பார்த்தால் திருடன் மாட்டுவான்.

22. இரண்டு டவரும் ஒரே அலைவரிசையில் அனுப்புவதாகச் சொல்கிறார்கள். 17-ல் மோதும் என்றீர்களே, இங்கே மோதாதா?

நல்ல கேள்வி. 17-ல் வந்தது வேறு நிகழ்ச்சிகளைச் சுமந்த அலை, அதனால் மோதல். இங்கே இரண்டு கோபுரங்களும் துளிகூட மாறாத அதே தகவலை, ஒரே கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டு அனுப்புகின்றன. இதை ஒற்றை அலைவரிசை வலையமைப்பு என்பார்கள். டிவிபி-டி தன் தகவலை ஒரே ஓட்டமாக அனுப்பாமல் 8கே முறையில் 6,817 மெல்லிய அலைகளில் பங்கிட்டு மெதுவாக அனுப்புகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் ஒரு காத்திருப்பு நேரம் உண்டு. அந்த நேரத்துக்குள் தாமதமாக வந்து சேரும் பிரதி கெடுதல் செய்யாது, கைகொடுக்கவே செய்யும்.

காத்திருப்பு நேரம் அதிகபட்சமாக 224 மைக்ரோ விநாடி என்று வைத்துக்கொண்டால், அதற்குள் அலை 67 கி.மீ. போகும். இரண்டு கோபுரங்களிலிருந்து உங்கள் வீட்டுக்கு உள்ள தூர வித்தியாசம் அதற்குள் இருந்தால் கவலையில்லை. தாண்டினால் ஆன்டெனாவை ஒன்றின் பக்கம் நன்றாகத் திருப்பி, மற்றது முதுகுப்புறம் விழும்படி வையுங்கள். அனலாக்கில் கட்டடங்களில் பட்டுத் திரும்பிய அலை நிழல் உருவமாகத் தெரியும், நினைவிருக்கிறதா? இன்று அந்த நிழல்களைக் காணாததற்கும் இதே காத்திருப்பு நேரம்தான் காரணம்.

23. திசை சரி, உயரம் சரி, வயர் புதுசு. ஒரு மல்டிபிளெக்ஸ் மட்டும் வரவில்லை. எரிச்சலில் கம்பத்தை ஒரு அடி நகர்த்தினேன், வந்துவிட்டது! எப்படி?

நேராக வரும் அலையும், தரையிலோ பக்கத்துச் சுவரிலோ பட்டு வரும் அலையும் உங்கள் ஆன்டெனாவில் சந்திக்கின்றன. ஒன்றின் மேடு இன்னொன்றின் பள்ளத்தில் விழுந்தால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். காத்திருப்பு நேரம் தாமதத்தைத்தான் பொறுக்கும், இப்படி அலையே குன்றிப்போவதை அல்ல. அந்தக் குழி அலைவரிசைக்கு அலைவரிசை வேறு இடத்தில் விழும், அதனால்தான் ஒரு மல்டிபிளெக்ஸ் மட்டும் போனது. 16-ல் பார்த்தபடி அலையின் நீளமே 40 முதல் 60 செ.மீ.தான், அதனால் ஒரு அடி நகர்ந்ததும் குழியிலிருந்து வெளியே வந்துவிட்டீர்கள்.

இனி நிறுவும்போது கம்பத்தை இறுக்குவதற்கு முன், ஆன்டெனாவைக் கையில் பிடித்து அரை அடி மேலே, அரை அடி கீழே, பிறகு இடம், வலம் என்று நகர்த்தி, ஒவ்வொரு இடத்திலும் எல்லா மல்டிபிளெக்ஸின் தரத்தையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றில் 32, இன்னொன்றில் 19 காட்டும் இடத்தைவிட எல்லாமே 26 காட்டும் இடம் மேல். அங்கே நட்டை முடுக்குங்கள்.